பிரிஞ்சி இலையை எண்ணிப் போட்டு எண்ணி எடுங்கள்

சென்ற ஆண்டு ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், 72 வயதான என் அப்பாவின் தொண்டையில் ஒரு பிரிஞ்சி இலைத் துண்டு சிக்கிக்கொண்டது. கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய அந்தத் துண்டை வெளியே எடுப்பதற்குள் 27 மணி நேரம் கடந்துவிட்டது. 38,400 ரூபாய் செலவாகிவிட்டது. என் கணவர் வெளிநாட்டில் வேலை செய்கிறார். அம்மா காலமாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. ஆகவே அந்த 27 மணி நேரமும் எல்லா முடிவுகளையும் நான் ஒருத்தியாகவே எடுக்க வேண்டியிருந்தது. அவற்றில் பாதிக்கு மேல் தவறான முடிவுகள் என்பது பிறகுதான் தெரிந்தது. இருபது ஆண்டுகளாகச் சமைக்கிறேன். மீன் முள்ளைப் பார்த்துச் சாப்பிடச் சொன்னவர்கள் உண்டு, கறியில் எலும்புச் சில்லைப் பார்க்கச் சொன்னவர்கள் உண்டு. இந்த இலையைப் பற்றி மட்டும் ஒருவரும் எச்சரித்ததில்லை. அதனால்தான் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

எல்லாம் ஒரு கிலோ இலையில் தொடங்கியது. பத்து ரூபாய்ப் பொட்டலத்தில் எட்டோ பத்தோ இலைகள்தான் இருக்கும், அதிலும் பாதி நொறுங்கியிருக்கும் என்ற சலிப்பில், ஆனி மாதம் மதுரை கீழமாசி வீதிக்கு மளிகை வாங்கப் போனபோது மொத்த விலையில் ஒரு கிலோ வாங்கிவிட்டேன். 140 ரூபாய். காய்ந்த இலைக்கு எடையே கிடையாது என்பதை அப்போது யோசிக்கவில்லை. கடைக்காரர் கட்டிக்கொடுத்தது ஒரு தலையணை அளவு மூட்டை. எண்ணிப் பார்த்திருந்தால் ஆயிரம் இலைகளுக்கு மேல் இருந்திருக்கும். எங்கள் வீட்டில் மாதத்துக்கு இருபது இலைகூடச் செலவாகாது. வாசனை ஓராண்டுக்கு மேல் நிற்காத ஒரு பொருளை நான்கு ஆண்டுகளுக்குத் தேவையான அளவு வாங்கி வந்திருந்தேன். கையில் நிறைய இருந்ததால்தான் கைநிறையப் போட்டேன், அரிசியில் போட்டேன், நெருப்பிலும் போட்டேன். அந்த ஆண்டு பட்ட தொல்லைகள் எல்லாவற்றுக்கும் வேர் இதுதான் என்று இப்போது நினைக்கிறேன். ஐம்பது கிராம் வாங்கினாலே ஒரு சிறிய குடும்பத்துக்குப் பல மாதங்களுக்குப் போதும். வாங்கும்போது ஓர் இலையை ஒடித்து முகர்ந்து பாருங்கள். பச்சை மங்காமல், ஒடித்ததும் மணம் எழுந்தால் நல்ல இலை. பழுப்பேறி, முகர்ந்தால் வைக்கோல் வாசனை மட்டும் வந்தால் அதைக் குழம்பில் போடுவதில் பொருளில்லை.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நானே பல ஆண்டுகள் குழம்பியிருக்கிறேன். நாம் பிரிஞ்சி இலை, பிரியாணி இலை என்றும், வடக்கே தேஜ்பத்தா என்றும் சொல்வது இலவங்கப்பட்டையின் இனத்தைச் சேர்ந்த மரத்தின் இலை. சித்த மருந்துக் கடையில் இலவங்கப்பத்திரி என்று கேட்டால் கிடைப்பதும் இந்த வகைதான். இமயமலை அடிவாரத்திலும் மேகாலயா, அசாம் பக்கங்களிலும் வளர்வது. உத்தராகண்டின் தேஜ்பத்தாவுக்கு 2016இல் புவிசார் குறியீடுகூடக் கிடைத்திருக்கிறது. இலையைத் திருப்பிப் பார்த்தால் காம்பிலிருந்து நுனி நோக்கி மூன்று நரம்புகள் நீளவாக்கில் ஓடுவது தெரியும். பட்டையும் கிராம்பும் கலந்த மணம் வரும். பேரங்காடிகளில் கண்ணாடிப் புட்டியில் விற்கப்படும் துருக்கி இலை வேறு மரத்தினுடையது. அது குட்டையாக, நடுவில் ஒற்றை நரம்போடு, ஏறக்குறைய யூகலிப்டஸ் தைலம்போல் மணக்கும். மேல்நாட்டுச் சமையல் குறிப்புகளில் வருவது இந்த இரண்டாவது இலை. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் போட்டால் உடம்புக்குக் கேடில்லை, ஆனால் சுவை மாறிவிடும். சூப்பில் நம் இலையைப் போட்டுவிட்டு ஏன் மசாலா வாசனை அடிக்கிறது என்று நான் திகைத்ததுண்டு. இரண்டுக்கும் பொதுவான குணம் ஒன்று உண்டு. எவ்வளவு நேரம் கொதித்தாலும் இரண்டுமே வேகாது.

அன்றைய ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். அப்பாவுக்குப் பிரிஞ்சி சாதம் மிகவும் பிடிக்கும். தேங்காய்ப்பால் ஊற்றி, காரட், பீன்ஸ், பட்டாணி போட்டுச் சீரகச் சம்பாவில் செய்தேன். இலையை உடைத்துப் போட்டால் வாசனை கூடுதலாக இறங்கும் என்று எங்கோ கேள்விப்பட்டிருந்தேன். கையில்தான் மூட்டை இருக்கிறதே என்று ஆறு இலைகளைக் கையால் நொறுக்கி நெய்யில் தாளித்தேன். வாசனை கூடியது உண்மைதான். ஆனால் ஆறு இலைகள் முப்பது, நாற்பது துண்டுகளாகிவிட்டன. பரிமாறும்போது கண்ணில் பட்டவற்றை எடுத்துப்போட்டேன். எத்தனை இருந்தன என்று தெரியாதபோது எத்தனை எஞ்சின என்பது எப்படித் தெரியும்? நரம்புள்ள இலை நொறுங்கும்போது ஓரங்கள் கூராகிவிடும். வெந்த சோற்றின் நிறத்திலேயே ஊறிப்போய், பருக்கைகளோடு ஒட்டிக்கொண்டு ஒளிந்துகொள்ளும்.

அப்பா மேல் பல் வரிசைக்கு முழு பல்செட் அணிந்திருக்கிறார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், மேலண்ணத்தை மூடிக்கொண்டிருக்கும் பல்செட் இருப்பவர்களுக்கு, வாயில் கடினமாக ஏதாவது இருந்தாலும் நமக்குத் தெரிவதுபோல் தெரியாதாம். முள், எலும்பு, இலை எதுவானாலும் அவர்கள் அறியாமலே விழுங்கிவிட வாய்ப்பு அதிகம் என்று மருத்துவர் பின்னர் சொன்னார். ஐந்து ஆண்டுகளாகப் பல்செட் போட்டிருப்பவருக்குச் சமைத்துக்கொண்டிருந்த எனக்கு அது தெரியாது. மணி ஒன்றரை இருக்கும். இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டவர் திடீரென்று கையைத் தொண்டையில் வைத்தார். "என்னமோ குத்துதும்மா" என்றார். முகம் சிவந்துவிட்டது, கண்ணில் நீர் வந்துவிட்டது, ஆனால் பேச முடிந்தது, மூச்சும் சீராகவே இருந்தது.

அடுத்த இரண்டு மணி நேரத்தில் நான் செய்தவை எல்லாம் மீன் முள் சிக்கினால் செய்யச் சொல்லும் வைத்தியங்கள். வெறும் சோற்றைப் பெரிய உருண்டையாக உருட்டி மெல்லாமல் விழுங்கச் சொன்னேன். போகவில்லை. வாழைப்பழம் கொடுத்தேன். வெந்நீர் கொடுத்தேன். கடைசியில் விரலை விட்டு வாந்தி எடுக்கவும் சொன்னேன். அவர் முயன்றார், எச்சிலோடு இரத்தக் கீறல் வந்தது. அதைப் பார்த்ததும் எனக்குக் கை கால் ஓடவில்லை. இவற்றில் ஒன்றைக்கூடச் செய்திருக்கக் கூடாது. உருண்டைச் சோறு மேலிருந்து அழுத்தும்போது, குறுக்காக மாட்டிய கூரான துண்டு சுவரைக் கிழித்துக்கொண்டு இன்னும் ஆழமாகப் பதியும். வாந்தியும் அப்படியே, கீழிருந்து மேலாகக் கிழிக்கும். பேச முடிகிறது, மூச்சு விட முடிகிறது என்றால் அந்தப் பொருள் மூச்சுக்குழாயை அடைக்கவில்லை என்று பொருள். அந்த நிலையில் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, வேறெதையும் உண்ணாமல் பருகாமல் மருத்துவமனைக்குக் கிளம்புவதே சரியான செயல். பேச்சே வரவில்லை, இருமக்கூட முடியவில்லை என்றால் அது வேறு. அப்போது ஒரு நொடியும் தாமதிக்காமல், முன்புறம் குனியவைத்துத் தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஐந்து முறை ஓங்கித் தட்ட வேண்டும். வரவில்லையென்றால் பின்னாலிருந்து கட்டிப்பிடித்துத் தொப்புளுக்குச் சற்று மேலே ஐந்து முறை உள்நோக்கி மேலாக அழுத்த வேண்டும். இதை மாற்றி மாற்றிச் செய்துகொண்டே 108ஐ அழைக்கச் சொல்ல வேண்டும். இந்த இரண்டு நிலைகளுக்கும் உள்ள வேறுபாட்டை வீட்டில் பெரியவர்களும் குழந்தைகளும் இருக்கிற ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

நான்கு மணிக்குமேல் வலி குறைந்ததுபோல் அப்பா சொன்னார். அது நிம்மதி தந்தது, அந்த நிம்மதியால் இரண்டு மணி நேரம் வீணாயிற்று. ஆறு மணிக்குத்தான் பக்கத்துத் தெருவிலிருந்த ஒரு சிறிய மருத்துவமனைக்கு ஆட்டோவில் அழைத்துச் சென்றேன். ஞாயிறு மாலை என்பதால் பணியில் ஓர் இளம் மருத்துவர் மட்டும் இருந்தார். விளக்கடித்து வாயைப் பார்த்தார், கழுத்துக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள், எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. கீறல் விழுந்திருக்கும், அந்த எரிச்சல்தான் குத்துவதுபோல் தோன்றுகிறது என்று சொல்லி, அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையும் ஒரு திரவ மருந்தும் எழுதிக்கொடுத்தார். நான் நம்பினேன். நம்ப விரும்பினேன் என்பதே சரி. காசு, பட்டன் மின்கலம் போன்றவை எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியும், இலை தெரியாது. எக்ஸ்ரே வெறுமையாக இருப்பதால் தொண்டையில் ஒன்றும் இல்லை என்று ஆகிவிடாது. அன்று எனக்கு இது தெரிந்திருந்தால், "விழுங்கியது இலை; வேறு எப்படிப் பார்க்க முடியும்?" என்று ஒரு கேள்வியாவது கேட்டிருப்பேன். விழுங்கியது என்ன, எத்தனை மணிக்கு, கடைசியாக என்ன சாப்பிட்டார், பல்செட் உண்டா, என்னென்ன மாத்திரைகள் எடுக்கிறார் என்ற ஐந்து விவரங்களையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். முடிந்தால் குழம்பிலிருந்து அதே இலையின் மற்றொரு துண்டையும் எடுத்துச் செல்லுங்கள். பதற்றத்தில் வாய் சொல்ல மறப்பதைத் தாள் சொல்லிவிடும்.

அந்த இரவை நான் மறக்கவே முடியாது. பதினொரு மணிக்குமேல் அப்பா எச்சிலை விழுங்காமல் ஒரு டம்ளரில் துப்பத் தொடங்கினார். கேட்டால், ஒன்றுமில்லை, நீ தூங்கு என்றார். என்னைச் சிரமப்படுத்தக் கூடாதென்று வலியை மறைக்கிறார் என்பது புரிந்தது. என் மகன் ஒன்பது வயதுப் பையன். அவனைத் தனியே விட்டுவிட்டு நள்ளிரவில் கிளம்ப எனக்குத் துணிவில்லை. பக்கத்து வீட்டு அக்காவை எழுப்பலாமா என்று கதவுவரை போய்த் திரும்பி வந்தேன். எழுப்பியிருக்க வேண்டும். எச்சிலை விழுங்க முடியாமல் துப்புவது, காய்ச்சல், நெஞ்சுவலி, கழுத்து வீங்குவது, வாந்தியில் இரத்தம் இவற்றில் எது தெரிந்தாலும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. உணவுக்குழாயில் ஓட்டை விழுந்தால் அது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். மறுநாள் மருத்துவர் இதைச் சொன்னபோது, நான் திரும்பி வந்த அந்தக் கதவுதான் கண்முன் நின்றது.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் சென்றோம். மூக்கின் வழியாக மெல்லிய குழாய்க் கேமராவைச் செலுத்திப் பார்த்தார். தொண்டையில் சிராய்ப்பு தெரிந்தது, இலை தெரியவில்லை. அதற்கும் கீழே, உணவுக்குழாயின் வாயில் இருக்கலாம், எண்டோஸ்கோபி செய்தாக வேண்டும் என்று பெரிய மருத்துவமனைக்கு எழுதிக்கொடுத்தார். பத்து மணிக்கு அங்கே சேர்ந்தோம். அங்கே எனக்கு இன்னோர் அடி காத்திருந்தது. வெறும் வயிற்றில் மாத்திரை போடக் கூடாதே என்று காலை ஏழு மணிக்கு அப்பாவுக்கு ஒரு குவளை கேழ்வரகுக் கூழ் கொடுத்திருந்தேன். மிகுந்த சிரமத்தோடு பாதியைக் குடித்திருந்தார். வயிற்றில் உணவு இருக்கும்போது மயக்க மருந்து கொடுத்தால் அது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடக்கூடும். மூச்சுக்குத் தொந்தரவில்லாததாலும் கொஞ்சமாவது விழுங்க முடிவதாலும் மதியத்துக்குமேல் செய்யலாம், அதற்குள் நிலைமை மாறினால் உடனே செய்கிறோம் என்றார்கள். நான் கொடுத்த அரைக் குவளைக் கூழுக்காக அவர் இன்னும் ஆறு மணி நேரம் அந்தக் குத்தலோடு படுத்திருந்தார். தொண்டையில் ஏதேனும் சிக்கினால் தண்ணீர்கூடக் குடிக்கக் கொடுக்காதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது அந்த ஆறு மணி நேரத்தை உடனிருந்து பார்த்ததால்தான். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவராக இருந்தால், உணவை நிறுத்தும்போது அதை என்ன செய்வதென்று மருத்துவரிடம் தொலைபேசியிலாவது கேட்டுக்கொள்ளுங்கள்.

மாலை நாலரை மணிக்கு எடுத்தார்கள். வெளியே நின்ற எனக்கு ஒரு சிறிய பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக் காட்டினார்கள். ஒரு பக்கம் நேராகவும் மறுபக்கம் கூர்மையாகவும் முறிந்த, நரம்போடு கூடிய துண்டு. 27 மணி நேரம் ஊறினால் இலை தளர்ந்துவிடும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அது விறைப்பாகவே இருந்தது. இந்த இலையின் மேல்தோல் தடித்தது, நார் மிகுந்தது. குக்கரில் வெந்தாலும் மெலியாது, இரைப்பையிலும் செரிக்காது, வயிறுவரை போய்விட்டால் பெரும்பாலும் தானாக வெளியேறிவிடும், ஆனால் வழியில் எங்காவது கூர்முனை குத்திவிட்டால் குடலில்கூடத் துளை விழுந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன என்று அந்த மருத்துவர் பொறுமையாக விளக்கினார். சுவரில் ஆழமற்ற கிழிசல் இருந்ததால் ஒரு நாள் வாய்வழியாக ஒன்றும் கொடுக்காமல் வைத்திருந்து, பிறகு நீராகாரம் கொடுத்து, புதன்கிழமை அனுப்பினார்கள்.

செலவைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அப்போது எவ்வளவு ஆகும் என்று தெரியாமல் நான் மிகவும் தடுமாறினேன். முதல் மருத்துவமனையில் எக்ஸ்ரே உட்பட 1,150, காது மூக்கு தொண்டை மருத்துவருக்கு 3,200, எண்டோஸ்கோபிக்கும் மயக்க மருந்துக்குமாக 17,500, அறைக்கும் மருந்துகளுக்கும் 14,800, ஆட்டோவும் மற்றவையும் 1,750. இதோடு நான் வேலை செய்யும் தனியார் பள்ளியில் மூன்று நாள் சம்பளம் பிடித்தம். மகனின் பள்ளிக் கட்டணத்துக்கு வைத்திருந்த பணத்தில்தான் கட்டினேன். எங்கள் ஊரிலேயே அரசு இராசாசி மருத்துவமனை இருக்கிறது, அங்கே தொண்டைக்கும் இரைப்பை குடலுக்கும் தனித்தனித் துறைகள் இருக்கின்றன என்பது பதற்றத்தில் என் நினைவுக்கே வரவில்லை. உங்கள் ஊரில் இரவு நேரத்தில் எண்டோஸ்கோபி செய்யும் வசதி அரசு மருத்துவமனையில் உண்டா, தனியாரில் எங்கே உண்டு என்று சாதாரண நாளிலேயே விசாரித்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வீடு திரும்பிய பிறகு ஒரு மாதம் வரை நான் அந்த இலையைக் கையால் தொடவில்லை. பிறகு அப்பாவேதான் கேட்டார், பிரிஞ்சி செய்து எத்தனை நாளாயிற்று என்று. அப்போதிருந்து நான் சமைக்கும் முறை இதுதான். நான்கு பேருக்கு இரண்டு இலை, அதற்குமேல் இல்லை. கூடினால் வாசனை கூடாது, கசப்புத்தான் கூடும். முழு இலையாக, காம்போடு போடுவேன். காம்பு இருந்தால் கரண்டியில் பிடித்து எடுப்பது எளிது. ஏற்கெனவே விரிசல் விட்ட இலையைப் போடுவதில்லை, ஏனென்றால் கிளறும்போது அது இரண்டாகிவிடும். இதன் மணம் எண்ணெயில் நன்றாக இறங்கக்கூடியது. ஆகவே எண்ணெயோ நெய்யோ மிதமாகக் காய்ந்ததும் முதலில் இலையைப் போட்டு, விளிம்பில் சிறு குமிழ்கள் வந்து மணம் எழுந்தவுடன் வெங்காயத்தைச் சேர்த்துவிட வேண்டும். கருகவிட்டால் கசக்கும். கூட்டத்துக்குச் சமைக்கும்போது பட்டை, கிராம்பு, ஏலக்காய், இலை எல்லாவற்றையும் வெள்ளைத் துணியில் முடிச்சாகக் கட்டித் தேங்காய்ப்பாலிலோ உலைநீரிலோ போட்டுவிட்டு, வெந்ததும் முடிச்சைப் பிழிந்து எடுத்துவிடுகிறேன். உடைத்துப் போட்டால்தான் மணம் என்று நினைப்பவர்களுக்கும் இந்த முடிச்சே வழி; உள்ளே எவ்வளவு நொறுக்கினாலும் துணியைத் தாண்டாது. கரம் மசாலாவில் சேர்ப்பதென்றால் நடு நரம்பை உரித்து எறிந்துவிட்டு, இலையை வெறும் சட்டியில் மொறுமொறுப்பாகச் சூடேற்றி, மிக நைசாக அரைத்து, மாவுச் சல்லடையில் சலித்துக்கொள்ளுங்கள். சல்லடையில் நிற்பதை மறுபடியும் அரைக்க வேண்டாம், எறிந்துவிடுங்கள்.

நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்த என் தோழி ஒருத்தி, தெரளி இலையில் மாவை வைத்துக் கூம்பாகச் சுருட்டி ஆவியில் வேகவைக்கும் கொழுக்கட்டையை எனக்குச் செய்து காட்டினாள். அதுவும் பட்டையின் இனத்து இலைதான். வெந்ததும் இலையை உரித்து வாழையிலை ஓரத்தில் வைத்துவிட்டுத்தான் உண்கிறார்கள். இலையின் மணம் முழுவதும் உணவில் இருக்கிறது, இலை மட்டும் கண் முன்னால் வெளியே கிடக்கிறது. என் வீட்டில் பல்லாண்டுகள் நடக்காதது அந்த எளிய காரியம்தான் என்று அன்று மனம் கனத்தது.

அரிசியில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அரிசி டிரம்மில் பிரிஞ்சி இலை போட்டால் வண்டு வராது என்று பலரும் சொல்வார்கள். அந்த ஆனி மாதமே 25 கிலோ பொன்னி மூட்டை இரண்டை டிரம்மில் கொட்டி, இடையிடையே நாற்பது இலைகளைச் செருகி, மூடிவிட்டு நிம்மதியாக இருந்தேன். மருத்துவமனை அலைச்சலில் டிரம்மைக் கிளறிப் பார்க்கவே இல்லை. மேலாக அள்ளிச் சமைத்துக்கொண்டிருந்தோம். ஆவணிக் கடைசியில் கையை உள்ளே விட்டால் அரிசி வெதுவெதுப்பாக இருந்தது. அடியில் வண்டு, மாவு, முடைநாற்றம். முப்பது கிலோவுக்கு மேல் கோழி வளர்க்கும் ஒருவருக்குத் தூக்கிக் கொடுத்தேன். ஏறக்குறைய 1,800 ரூபாய் போயிற்று. பெண் வண்டு அரிசிமணியைத் துளைத்து உள்ளே முட்டையிட்டுத் துளையை மூடிவிடும். புழு அந்த மணிக்குள்ளேயே வளர்ந்து, வெப்பக் காலத்தில் ஐந்து வாரத்துக்குள் வண்டாக வெளிவரும். இலையின் மணம் வெளியிலிருந்து வரும் வண்டை ஓரளவு விலக்கலாம். கடையிலிருந்து வரும்போதே மணிக்குள் இருக்கும் முட்டையை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. வசம்பும் வேப்பிலையும் அப்படியே. இப்போது மாதத்துக்கு வேண்டிய அரிசியை மட்டும் வாங்குகிறேன், காற்றுப் புகாத டப்பாவை நன்றாகக் காயவைத்துத்தான் நிரப்புகிறேன், சிறிய அளவில் வாங்கும் பருப்பையும் ரவையையும் நான்கு நாள் உறைநிலைப் பெட்டியில் வைத்து எடுத்துவிட்டுப் பயன்படுத்துகிறேன். மூட்டை மூட்டையாகச் சேமிக்கிறவர்களுக்குக் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய துளைக்குழாய்ப் பொறி உதவும். அரிசிக்குள் செருகிவைத்தால் காற்றைத் தேடி ஊரும் வண்டுகள் துளை வழியாக உள்ளே விழும், முதல் வண்டு விழுந்த நாளே நமக்குத் தெரிந்துவிடும். இலையைப் போடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. போடுவதென்றால் முழு இலையாக, எண்ணிப் போடுங்கள். அரிசி களையும்போது நொறுங்கிய துண்டு ஒன்று உலைக்குப் போய்விட்டால் மறுபடியும் அதே தொண்டை, அதே வலி.

ஐப்பசி மழையில் கொசுவுக்காக இலைகளைத் தட்டில் வைத்துக் கொளுத்தியதும் நானேதான். இரண்டே நாளில் மகனுக்கு இளைப்பு வந்து மருத்துவமனையில் ஆவி மருந்து வைக்க வேண்டியதாயிற்று. எந்த இலையானாலும் சாத்திய அறைக்குள் எழும் புகை நுரையீரலுக்குப் புகைதான். வேப்பிலைப் புகையும் விலக்கல்ல. கொசுவலை வாங்கினேன், அத்தோடு அந்தப் பழக்கம் முடிந்தது. சர்க்கரைக்கு நல்லதென்று யாரோ சொன்னதால் அப்பா சில நாள் இந்த இலையைக் கொதிக்கவைத்த நீரைக் குடித்தார். மருத்துவர், வடிகட்டிக் குடிப்பதில் தடையில்லை, மாத்திரையை மட்டும் ஒருபோதும் குறைக்காதீர்கள் என்றார். மணத்துக்காக வாரம் ஒருமுறை தேநீரில் ஓர் இலை போடுகிறோம், அவ்வளவுதான்.

மூட்டையில் மிஞ்சியதைத் தொட்டிச் செடிகளுக்கு உரக்குழியில் போட்டுவிட்டேன். இப்போது சமையலறையில் இருப்பது ஒரு சிறிய டப்பா. அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு பலகை மாட்டியிருக்கிறேன். இலை போடும்போது எண்ணிக்கையைச் சுண்ணக்கட்டியால் அதில் எழுதுகிறேன். பரிமாறுவதற்கு முன் எடுத்த இலைகளைக் கழுவி ஒரு சிறு தட்டில் அப்பாவின் முன்னால் வைத்துவிடுகிறேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஓரம் முறிந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்க்கிறார். "ரெண்டும் முழுசா இருக்கும்மா" என்று சொன்ன பிறகுதான் நான் சோற்றில் கரண்டியை வைக்கிறேன்.